சைக்கிளுக்கு ஒரு பொதிப்பை

அந்த வருஷம் நான் சைக்கிளிலிருந்து நான்கு முறை விழுந்தேன். நான்குக்கும் காரணம் பைதான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அப்பாவோ, காரணம் நான்தான் என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து ஆறு மைல். பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு ஆரம்பம். அந்த ஊருக்குப் போகும் ஒரே பஸ்ஸோ பதினோரு மணிக்கு. சைக்கிள் இல்லையென்றால் வேலையும் இல்லை.

தினமும் கொண்டுபோக வேண்டியவை: ஒரு பித்தளைத் தூக்குப்போசி நிறையச் சோறு, திருத்தி முடித்த இருபத்தொரு நோட்டுகள், ஒரு குடை. இவற்றை எதில் போட்டு, சைக்கிளில் எங்கே மாட்டுவது? கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒயர்கூடையை ஹேண்டில்பாரில் மாட்டினேன். வழியெல்லாம் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்து, ஒரு திருப்பத்தில் ஹேண்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கூடை போக நினைத்த வேலிக்குள் நானும் போனேன். அடுத்தது தோளில் தொங்கும் ஜோல்னாப் பை. மேட்டில் குனிந்து மிதித்தபோது அது முன்னால் சரிந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. ஒரு கையால் அதைப் பின்னால் தள்ளப்போய் இரண்டாம் முறை விழுந்தேன்.

மூன்றாவது, யார் கல்யாணத்திலோ தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சப்பை. அதன் காதை ஹேண்டில்பாரில் சுற்றி இறுக்கிக் கட்டியதும் ஆடவும் இல்லை, இடிக்கவும் இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டுதான் வீடு வீடாகப் போவார்கள். நான் அதை யோசிக்கவே இல்லை. ஒருநாள் காலை, எனக்குத் தூரத்து உறவில் அத்தை முறையாகும் ஒருவர் ரோட்டுக்கே ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினார்.

"ஏனம்மிணி, நில்லு! ஊரெல்லாம் பத்திரிக்க வெச்சுட்டு எங்கூட்டுக்கு மட்டும் வெக்காமப் போறியா?"

பிரேக்கைப் பிடித்தேன். நானும் சைக்கிளும் பையும் அவர் காலடியில் கிடந்தோம். நாலாம் வகுப்பு வீட்டுக்கணக்கு நோட்டுகள் ரோடெல்லாம் சிதறின. அத்தை ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மாப்பிள்ளை பெயர் இல்லாதது அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

சாயங்காலம் நான் வீடு சேர்வதற்குள் எனக்குக் கல்யாணம் என்ற செய்தியும், நான் விழுந்த செய்தியும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. முதலாவது பொய் என்று தெரிந்ததும் அப்பா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். புதுக் கத்தாழைக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, பழைய சாமான்கள் போட்டுவைக்கும் அட்டாலிக்குக் கீழே ஆணியில் மாட்டினார்.

"இன்னொருக்கா உழுந்தீன்னா சைக்கிளக் கட்டித் தூக்கி அட்டாலியில போட்டுருவேன் சாமி. கையக் கால ஒடிச்சுக்கிட்டு ஒரு உத்தியோகம் நமக்கு வேண்டாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாரும் கூட வராத அந்த ஆறு மைலும் பிடித்திருந்தது.

அதற்கப்புறம் ரோட்டில் யார் எதை எப்படிக் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பதே என் பிழைப்பாகிவிட்டது. முட்டைக்காரர் அட்டைகளைக் கேரியரில் அடுக்கி, பழைய சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருந்தார். ராசிபுரத்திலிருந்து சேலை கொண்டுவரும் நெசவுக்காரரோ கேரியரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டையைத் தொங்கவிட்டிருந்தார். அவரை நிறுத்தி, ஏன் இப்படி என்று கேட்டேவிட்டேன்.

"ஒரு பக்கம் மட்டும் இருந்தா அது நம்மள இழுக்குமுங்க. ரெண்டு பக்கமும் இருந்தா அதுகளே ஒண்ண ஒண்ணு இழுத்துக்குமுங்க. நாம சும்மா மிதிச்சாப் போதும்."

அடுத்த சனிக்கிழமை நாமக்கல்லில் லாரித் தார்ப்பாய் தைக்கிறவரிடம் போய்ப் படம் வரைந்து காட்டினேன். நடுவில் ஒரு பட்டை, இரண்டு பக்கமும் பை. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுதைக்குங்களா?"

"இல்லீங்க. எனக்குங்க."

மனிதர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் நன்றாகவே தைத்துக் கொடுத்தார். பழைய தார்ப்பாய் என்பதால் ஒரு பையில் ஏதோ லாரியின் நம்பர் பாதி மட்டும், தலைகீழாக இருந்தது.

திங்கட்கிழமை இடது பையில் நோட்டுகள், வலது பையில் தூக்குப்போசியும் குடையும். இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து எடை சரி என்று தெரிந்த பிறகே கிளம்பினேன். சைக்கிள் என்னமாய் ஓடியது! ஆளில்லாத இடத்தில் ஒரு கையை விட்டும் ஓட்டிப் பார்த்தேன்.

சாயங்காலம் அதே சைக்கிள் இடது பக்கமே இழுத்தது. முதலில் காற்று என்று நினைத்தேன், பிறகு ரோட்டைத் திட்டினேன். எங்கள் தோட்டத்து வண்டித்தடத்து மணலில் திரும்பியபோது சாய்ந்தேவிட்டது. அப்பா தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த வயலுக்கு நேர் எதிரே.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். முதலில் என்னைத் தூக்கினார், பிறகு சைக்கிளை. இரண்டு பைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"சோத்தத் தின்னுட்டியா?"

"ஆமாங்கப்பா."

"நோட்ட?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. காலையில் அத்தனை கவனமாக எடை பார்த்துவிட்டு, மத்தியானம் ஒரு பக்கத்துப் பாரத்தைச் சாப்பிட்டுத் தீர்த்திருக்கிறேன். இதில் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு சொல்லிக்கொடுக்கிறேன்! வெட்கமாக இருந்தது. வேலை போயிற்றே என்று துக்கமாகவும் இருந்தது. அப்பா சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு போனார்.

விடிந்ததும் முதலில் அந்த ஆணியைத்தான் பார்த்தேன். கயிறு இல்லை. அண்ணாந்து அட்டாலியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சமையலறையில் அம்மா என்றுமில்லாமல் இரண்டு சின்னப் போசிகளில் சோற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் வாசலுக்கு ஓடினேன்.

சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. வண்டியில் மூட்டை கட்டுகிற முடிச்சுப் போட்டு, அந்தக் கத்தாழைக் கயிற்றால் என் பையைக் கேரியரோடு இறுக்கிக் கட்டியிருந்தார் அப்பா. நோட்டுகளையும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன். ஒரு பையில் பதினொன்று, இன்னொன்றில் பத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து இருந்த பக்கத்தில் குடையைச் செருகியிருந்தார்.