பிளசி விட்ட ஏலம்

இண்டூர் பிளசிக்கு ஏலம் புதிதல்ல. பங்குத் திருவிழா முடிந்த கையோடு காணிக்கைக் கோழியும் பூசணிக்காயும் ஏலத்துக்கு வரும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து முதல் குரல் அவளுடையதாகத்தான் இருக்கும். பூசணிக்காய் முப்பது ரூபாயில் நின்றுவிட்டால் மாதாவுக்கே மரியாதைக் குறைவு. அதனால் சொந்தக்காரர் ஒருவர் சும்மா நூறு என்பார், இன்னொருவர் இருநூறு என்பார். கடைசியில் ஆயிரத்துக்கு யார் தலையிலாவது விழும். அவரும் சிரித்துக்கொண்டே பூசணியைத் தூக்கிக்கொண்டு போவார்.

ஆகவே செடி வளர்ப்போர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அடினியம் பூச்செடிகளை ஏலம் விடலாம் என்று தெரிந்ததும், இது நமக்குக் கைவந்த வேலைதானே என்று நினைத்தாள். தர்மபுரி ஜவுளிக் கடை ஒன்றில் பில் போடும் வேலைக்கு நடுவே, மொட்டை மாடியில் ஏழு வருடமாக வளர்த்த செடிகள் அவை. 'செடி சூப்பர்' என்று சொன்னவர்களெல்லாம் அதுவரை ஓசியில் ஒரு கிளை கேட்டவர்கள்தான். குழுவிலோ எண்ணூறு பேர், ஒருவரையும் தெரியாது. முகம் தெரியாதவர் தன் செடிக்கு என்ன விலை வைப்பார் என்று அறிய அவளுக்கு ஆவல் தாங்கவில்லை.

முதல் செடி நூற்றைம்பதுக்குப் போனது. பூவை மட்டும் படம் பிடித்துப் போட்டிருந்தாள். வாங்குகிறவர்கள் பார்ப்பது கிழங்கு போலப் பருத்த அடியை என்று பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது முறை தன்னிடமிருந்ததிலேயே நல்ல செடியை, அடியிலிருந்த பழைய தழும்பு மட்டும் தெரியாமல், நாலு பக்கமும் படம் எடுத்துப் போட்டாள். கோயம்புத்தூர் டீச்சர் பானுமதி முந்நூறு கேட்டார். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. பிளசிக்குக் கை பரபரத்தது. பிறகு குழுவில் சேர்த்துவிட்டிருந்த கணவன் அருள்பிரகாஷை மாடியிலிருந்தே கூப்பிட்டாள்.

"ஏங்க, உங்க நம்பர்ல ஒரு நானூறு போட்டு வுடுங்க."

அவன் போட்டான். டீச்சர் ஏறினார். அவனும் ஏறினான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வந்தபோது, மாடியிலிருக்கும் மனைவிக்கு அனுப்ப வேண்டியதைக் குழுவிலேயே தட்டிவிட்டான் மகராசன்: 'பிளசி, போதுமா, இன்னும் ஏத்தவா?'

பத்து நிமிடத்தில் குழுவை நடத்தும் பாலக்கோட்டுப் பூவரசன் போனில் வந்தார்.

"எங்க கோயில் ஏலத்துல இப்பிடித்தாங்க ஏத்தி வுடுவோம்," என்றாள் பிளசி. "தப்புன்னு தோணலைங்க."

"அங்க ஏறுற காசு சாமிக்குப் போவுதுங்க. ஏலம் எடுக்கறவருக்கும் அது தெரியும். இங்க டீச்சருக்குத் தெரியுமாங்க?"

அது பிளசிக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. மூன்று மாதம் விற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கலாம், அப்புறம் ஒரே ஒரு வாய்ப்பு, இன்னொரு புகார் வந்தால் குழுவில் இடமில்லை என்று பூவரசன் சொல்லிவிட்டார். முந்நூறுக்கே தருகிறேன் என்று டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். 'செடி மேல ஆசைதாங்க. உங்க மேலதான் நம்பிக்கை வரல' என்று பதில் வந்தது.

மூன்று மாதமும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். ஞாயிறு மதியம் விட்ட ஏலத்துக்குக் கூட்டம் அதிகம். ஆச்சரியம் என்னவென்றால், அடியில் அழுகி ஆறிய தழும்பை முதல் படமாகவே காட்டியவருக்குத்தான் நல்ல விலை கிடைத்தது. பொறுக்கிப் பொறுக்கி நல்லதை மட்டும் காட்டியவர்களிடம் ஆட்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள்.

தடை முடிந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து அதே செடியைப் போட்டாள். முதல் படமாக அந்தத் தழும்பு. கீழே, 'போன தடவை வெலையை ஏத்தச் சொன்னது நான்தாங்க. என் வூட்டுக்காரர் குழுவுலருந்து வெலகிட்டார். ஆரம்ப விலை நூறு' என்று எழுதினாள்.

இருபது நிமிடம் ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் அருள்பிரகாஷ் முள்ளின் மேல் உட்கார்ந்திருப்பவன் மாதிரி நெளிந்தான். இந்த ஒரு வாய்ப்பும் கைவிட்டுப் போனால் இனி இந்தப் பக்கமே வர முடியாது என்று பிளசிக்குத் தெரியும். ஆனாலும் யாரையும் விலை ஏற்றச் சொல்லவில்லை.

'நூற்றுப்பத்து' என்று ஒன்று விழுந்தது. பானுமதி டீச்சர்.

அதற்குமேல் பெங்களூர் எண் ஒன்று, ஓசூர் எண் ஒன்று. ஐந்நூறு, எழுநூறு, ஆயிரம். அருள்பிரகாஷ் போனை எட்டிப் பார்த்தான்.

"யாரு பிளசி இவங்கல்லாம்? நம்ம சொந்தமா?"

"யாருன்னே தெரியலைங்க," என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.