மலையிறங்காத கார்

எழுபதுகளின் நடுவில் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தேன். பச்சைக்காயை உலர்த்தும் ஸ்டோர் என் பொறுப்பு. ஊரைக் காலிசெய்துகொண்டு போன துரை ஒருவர் தன் பழைய இங்கிலீஷ் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில் எல்லாம் இருந்தது, பிரேக் மட்டும் இல்லை. மிதித்தால் பெடல் தரையைப் போய்த் தொடும். தோட்டத்துக்குள் கைப்பிரேக்கை இழுத்து இழுத்து ஓட்டிக்கொண்டு திரிந்தேன். போடிமெட்டு வளைவுகளில் அதை இறக்குவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

என் மனைவி மலைக்குக் கீழே போடிக்காரி. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். பஸ்ஸில் போய்விடலாம் என்றாள். காரில்தான் போகிறோம், அதற்குள் பிரேக்கைச் சரிசெய்துவிடுவேன் என்றேன். மாமனார் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. காதுகுத்து முடிந்துபோனது. கார் சக்கரத்துக்குக் கல் வைத்தபடி எங்கள் வாசலில் நின்றது. மறுநாள் அவள் பையை எடுத்தாள்.

“ஒங்க காரை நம்பி உக்காந்திருந்தா எனக்குச் சொந்தபந்தமே இல்லாமப் போயிரும்,” என்றாள்.

“போ. ஒன்னையக் கூப்பிட வந்தா இந்தக் கார்லதான் வருவேன். இல்லாட்டி வரவே மாட்டேன்,” என்றேன்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படிதான் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள். எனக்கு வாய் அப்படி. சொன்ன சொல்லை விழுங்கத் தெரியாது.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். பெடலின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடிப் பலகைக்குக் கீழே இருந்தது. சக்கரங்களில் இருந்த சின்ன சிலிண்டர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர்கள் பிய்ந்து, எண்ணெய் கறுத்துக் கூழாகிக் கிடந்தது. கழற்றியதையெல்லாம் வரிசை மாறாமல் அவளுடைய முறத்தில் அடுக்கினேன். அவள் இருந்திருந்தால் முறத்தைத் தொட விட்டிருப்பாளா? யாரும் திட்டாதது ஒரு மாதிரியாக இருந்தது. சிலிண்டரின் உட்சுவரை நைசான எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். துடைக்க நூல் பிரியாத மெல்லிய துணி வேண்டும். அப்படி வீட்டில் இருந்தது கொடியில் கிடந்த அவளுடைய பழைய சேலை ஒன்றுதான். கிழிக்க எடுத்தேன். அதில் அவள் வாசனை இருந்தது. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, என் வேட்டியைக் கிழித்தேன்.

மதுரைக்கு ஏலக்காய் கொண்டுபோகும் தோட்டத்து லாரி டிரைவர் புது ரப்பர்களை வாங்கிவந்து கொடுத்தார். அவற்றின் மேல் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. இரும்புச் சாமான்களையெல்லாம் கழுவிய அதே மண்ணெண்ணெயில் அவற்றையும் ஊறப்போட்டு, சுத்தமாகக் கழுவி மாட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு சக்கரமும் சுற்றவில்லை. டிரைவரே வந்து ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தார். ரப்பர் ஊறவைத்த கொண்டைக்கடலைபோல் உப்பியிருந்தது.

“ரப்பர என்னத்துலண்ணே கழுவுனீங்க?”

“மண்ணெண்ணெய்ல.”

“பிரேக் ஆயில் தவிர வேற எதுவும் அதுல படக் கூடாதுண்ணே. அடுத்த லோடு பதினஞ்சு நாள் ஆகும். பேசாம பஸ்ல போய் அண்ணியக் கூட்டிட்டு வாங்களேன்,” என்றார்.

எனக்கும் போக வேண்டும்போல்தான் இருந்தது. அவள் இல்லாமல் அந்த வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. சாயங்கால பஸ் முக்கில் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் கையில் ஸ்பானரோடு அப்படியே நின்றுவிடுவேன். யாராவது இறங்கிப் பேசிக்கொண்டு வருவார்கள், அவள் குரலாக இருக்காது. பஸ் ஏறி ஓர் எட்டு போயிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? காரோடு வருவேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவன் வெறுங்கையோடு போய் நிற்பதா என்று வீம்பு பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டினேன். பாக்கி இருந்தது ஏர் எடுக்கிற வேலை. குழாய்களுக்குள் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தின் பக்கம் படுத்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி, மறுபடி பூட்ட வேண்டும். பூட்டும் வரை பெடலிலிருந்து காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். தனியாளால் ஆகாது. அக்கம்பக்கத்தில் யாரையும் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. பெடலுக்குக் கட்டையை முட்டுக்கொடுத்து ஒரு நாள் முழுக்க மாரடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவளே பஸ்ஸில் வந்து இறங்கினாள். போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. இளைத்திருந்தாள். வா என்று சொல்ல வேண்டிய வாயால், “நல்ல வேள வந்த. பெடல் மிதிக்க ஆளில்ல,” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

நான் பின்சக்கரத்தின் பக்கம் மல்லாந்து படுத்தேன். நிப்பிளில் சைக்கிள் வால்வு டியூபைச் செருகி, மறுமுனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய ஒரு டானிக் புட்டிக்குள் விட்டிருந்தேன்.

“மிதி. அப்படியே பிடி. நான் சொன்னப்பறம் விடு.”

புட்டியில் குமிழி வந்தது. பூட்டினேன். விட்டாள். மறுபடி மிதித்தாள். நாலைந்து தடவை அப்படிப் போனது. அவள் திரும்ப வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் எனக்கு அங்கேயே படுத்துக்கொண்டு பாடலாம்போல் இருந்தது. அடுத்த தடவை நிப்பிளைத் திறந்தபோது மேலேயிருந்து அவள் குரல் கேட்டது.

“போறப்பவே எனக்கு நாள் தள்ளிப் போயிருந்துச்சு.”

ஸ்பானர் நிப்பிளிலேயே இருந்தது.

“கூப்பிட வருவீங்கல்ல, கார்ல வாரப்ப வழியில சொல்லிக்கலாம்னு இருந்தேன். அங்க யார்கிட்டயும் மூச்சு விடல. ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லணும்னு இருந்துச்சு. மூணாவது வாரம் தங்காமப் போயிருச்சு.”

அந்த மூன்றாவது வாரம்தான் நான் ரப்பரை மண்ணெண்ணெயில் போட்டது. புட்டியில் எண்ணெய் ஓய்ந்து நின்றுவிட்டது. அழுகைதான் வந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ. கண்ணைத் துடைத்தபோது எண்ணெய்க்கை பட்டு எரிந்தது. ஊர்ந்து வெளியே வந்து அவள் பக்கம் போனேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றியபடி, பெடலை முழுக்க அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“காலை எடும்மா,” என்றேன்.

“நீங்க இன்னும் பூட்டலியே,” என்றாள்.