சாந்தினி மிஸ் வரைந்த பள்ளிக்கூடமும் அதன் நடுச்சுவரும்

கிண்ணியாவில் ஒரு வீட்டுக்கு நான் கொங்கிறீற் போட்டுக்கொண்டிருந்தபோது சாந்தினி மிஸ்ஸின் கணவர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஜவாத், அவ போயிட்டா. தேத்தண்ணி கேட்டவ. போட்டுக்கொண்டு வாறதுக்குள்ள..."

கலவை இயந்திரத்தின் இரைச்சலில் என் பதில் அவருக்குக் கேட்டதோ, தெரியாது. வேலையை நிறுத்திவிட்டு நிலாவெளியில் இருக்கும் அவர்களுடைய வீட்டுக்குப் புறப்பட்டேன்.

கட்டடக் கலைஞர் சாந்தினி குகதாசனை அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மூதூருக்குத் தெற்கே, கடலோரமாக, ஒரு தமிழ்ப் பாடசாலைக்கும் ஒரு முஸ்லிம் பாடசாலைக்கும் பொதுவாக ஒரு வளாகம் கட்டத் தீர்மானித்தார்கள். வரைபடம் அவருடையது. வேலைத்தளத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் நான்.

முதல்நாள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ், ஃபேனுக்கு எங்கால வயர் இழுக்கிற?" என்று கேட்டேன்.

"ஃபேன் இல்லை ஜவாத். கடல்காத்து சும்மாதானே வருது. அதை உள்ளுக்கு விடுவம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நான் அகதி முகாமில தகரத்துக்குக் கீழ இருந்து படிச்சனான். வெயில் ஏறினாப் பிறகு ரீச்சர் படிப்பிச்ச ஒண்டும் இண்டைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை" என்றார்.

கிழக்கே ஒரு கட்டடம், மேற்கே ஒன்று, நடுவே திறந்த முற்றம். கடலிலிருந்து வரும் காற்று முதற் கட்டடத்தைக் கடந்து, முற்றத்து மரநிழலில் குளிர்ந்து, அடுத்த கட்டடத்துக்குள் நுழையும். கூரைக்கு மேல் இன்னொரு கூரை. கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று சுட்டெரிக்கும் மேற்குப் பக்கத்துக்குத் தடித்த சுவர். கூரையிலுள்ள சூரியத் தகடுகளின் மின்சாரம் விளக்குகளுக்கும் கணினிகளுக்கும் போதும். ஆய்வுகூடமும் நூலகமும் மேற்குக் கட்டடத்தில், இரு பாடசாலைகளுக்கும் பொது.

நாட்டின் பொருளாதாரம் நொடிந்துபோன காலத்தில் வேலை நின்றது. சீமெந்து இல்லை, டீசல் இல்லை. கம்பிகள் உப்புக்காற்றில் துருவேறின. அப்போதும் மிஸ் கிடைத்த பஸ்ஸில் வந்து, தூண்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். "ஆரும் வராட்டி இது செத்துப்போச்செண்டு நினைப்பினம்" என்பார்.

மீண்டும் வேலை தொடங்கி, வகுப்புகள் ஆரம்பித்த பிறகுதான் உண்மையான ஆபத்து வந்தது. முற்றத்தில் இரு பாடசாலைகளின் பெரிய மாணவர்களுக்கிடையே கிரிக்கெட்டில் மூண்ட சண்டை ஊருக்குள் போயிற்று. கைபேசிகளில் பொய்கள் பரவின. பெற்றோர் கூட்டத்தில் இரு பகுதியாரும் ஒரே விடயத்தில்தான் ஒத்துப்போனார்கள்: முற்றத்தின் நடுவே உயரமான சுவர் வேண்டும்.

மிஸ் எழுந்து நின்றார். "சண்டையை நிப்பாட்டச் சுவர் கேக்கிறியள். அது காத்தைத்தான் நிப்பாட்டும்."

"காத்தில்லாட்டி உயிர் போகாது" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

அந்த மாதமே மிஸ்ஸுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவர் கொழும்பு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எங்கள் ஆட்சேபனையை மீறி, மேலிடத்து உத்தரவில் சுவர் எழுந்தது. கிழக்குக் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடத்துக்கு வழியில்லை. மேற்குக் கட்டடத்துப் பிள்ளைகளுக்குக் காற்றில்லை. எந்தப் பாடசாலை எந்தப் பக்கம் என்று நான் எழுதப்போவதில்லை. மிஸ் ஒருபோதும் அப்படிப் பிரித்துச் சொன்னதில்லை. அவருக்கு எல்லோரும் "பிள்ளையள்"தான்.

கச்சான் காலத்தில் மேற்குக் கட்டடத்தில் ஒரு சிறுமி வெப்பம் தாங்காமல் மயங்கி விழுந்தாள். பிழைத்தாள். ஆனால் செய்தி கேட்ட மிஸ், வைத்தியரின் சொல்லையும் மீறிக் கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்து இறங்கினார். தலையில் முடி இல்லை. சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். சுவர் கேட்ட பெற்றோரை வரவழைத்து, அதே வகுப்பறையில், பிள்ளைகளின் கதிரைகளில் இருத்தினார். தானும் இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய சட்டையும் நனைந்தது. ஒரு தகப்பன் எழுந்தார். "காணும் மிஸ், வெளியில போய்க் கதைப்பம்."

"பிள்ளையளுக்கு எழும்ப ஏலாதே. மணி அடிக்கட்டும்."

அவருக்கே மூச்சு வாங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய், கூட்டத்தில் சுவருக்காக உரத்துப் பேசியவர், அழத் தொடங்கினார். "உடைங்க. இதுக்குள்ள எந்தப் புள்ள இருக்கும்?"

முழுவதும் உடைக்கப்படவில்லை. சின்ன வகுப்புகளுக்கு நேரே மட்டும் சுவரை அகற்ற அனுமதி கிடைத்தது. மற்றப் பாதி இன்றும் நிற்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய், இதுவாவது கிடைத்ததே என்ற எண்ணத்தில் அந்தச் செய்தியைச் சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"மற்றப் பிள்ளையள் இன்னும் வேகுதுகள் ஜவாத். மிச்சத்தையும் உடைப்பியளோ?"

"என்னால ஏலுமோ தெரியா மிஸ்."

"ஓம். பொய் சொல்லாமல் விட்டியளே" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

வளாகத்தின் பெயர்ப்பலகைக் கல்லில் பல பெயர்கள் உள்ளன. அவருடையது இல்லை.

செத்த வீட்டில் இரு அதிபர்களும் பாடசாலைக்கு விடுமுறை விடுவதாகச் சொன்னார்கள். "வேண்டாம், பிள்ளையள் படிக்கட்டும்" என்றார் கணவர்.

மறுநாள் காலை நான் வளாகத்துக்குப் போனேன். மேற்குக் கட்டடத்தில், சுவர் அகற்றப்பட்ட இடத்துக்கு நேரேயுள்ள வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே நின்று, இன்னும் நிற்கும் மற்றப் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சேர், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. காத்து வரேல்ல."

தள்ளி நின்றேன். அவளுடைய கொப்பியின் தாள் படபடத்தது. அதைக் கையால் அமர்த்திக்கொண்டு தொடர்ந்து எழுதினாள்.

போய் வாருங்கள், மிஸ்.