ரெண்டு பேரும் ஒரே சைஸ்

சித்தப்பாவும் அவர் மகள் குட்டியும் வெளிநாட்டுக்கு விமானம் ஏறியது ஒரு திங்கட்கிழமை, மழை விட்ட காலையில். அங்கே பள்ளி திறந்துவிட்டது. இனியும் காத்திருந்தால் குழந்தையின் இடம் போய்விடும். சித்திக்கு மட்டும் விசா வரவில்லை. ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் அவளும் போகலாம். விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சித்தி மண்டியிட்டு, குட்டியின் நீல கவுன் விளிம்பைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே நான்கு விரல் அகலத்துக்குத் துணியை மடித்துத் தைத்திருந்தாள்.

"வளர வளர அப்பாவைப் பிரிச்சுவிடச் சொல்லு. அதுக்குள்ள அம்மா வந்துடுவேன்."

சித்தி ஆல்ட்ரேஷன் கடைத் தையல்காரி. நானோ நாடு நாடாகச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல் திரும்பியிருந்தேன். என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரெல்லாம் சுத்தினியே, அந்த இங்கிலீஷை எனக்கும் கொஞ்சம் ஊத்தேன்டி."

தேர்வில் படம் காட்டி ஒப்பிடச் சொல்வார்களாம். அதனால் வெட்டுமேசையிலேயே பாடம். மூன்று சட்டைக் கைகளை வரிசையாகப் போட்டு, "லாங், லாங்கர், லாங்கஸ்ட்" என்பாள். சின்ன வார்த்தை என்றால் வாலில் ஒட்டு. நீள வார்த்தை என்றால் முன்னால் 'மோர்', 'மோஸ்ட்'. அவளோ இரண்டையும் சேர்த்து 'மோர் லாங்கர்' என்பாள்.

"ஒரே இடத்துல ரெண்டு தையலா, சித்தி?"

"கெட்டியா இருக்கட்டுமேன்னு போட்டேன். சரி, குட்டுக்கு ஏன் குட்டர் வரல?"

"அது அப்படித்தான். குட், பெட்டர், பெஸ்ட்."

"எங்க மாமியார் மாதிரி. எந்தச் சட்டத்துக்கும் அடங்காது."

தேர்வன்று கைப்பையைக்கூடக் கழற்றாமல் வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"படத்துல ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி ஒல்லி, ஒருத்தி நல்ல பருமன். ஒப்பிட்டுச் சொல்லுன்னாங்க. கேட்ட அம்மாவும் நல்ல பருமன்டி."

எனக்குப் புரிந்துவிட்டது. சித்தி வேலை செய்யும் கடையில் அளவெடுக்கும்போது எண்களைத் தவிர வேறெதுவும் வாயிலிருந்து வராது. "போன தடவையைவிட ஏறிட்டீங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அந்த வாடிக்கையாளர் மறுபடி படியேற மாட்டார். சித்தி தொழில் பழகிய நாளிலிருந்து எந்த உடம்பையும் எந்த உடம்போடும் ஒப்பிட்டுப் பேசியவள் இல்லை.

"அப்புறம் என்னதான் சொன்ன?"

"ரெண்டு பேரும் சேம் சைஸ்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"முடியைச் சொல்லியிருக்கலாம், செருப்பைச் சொல்லியிருக்கலாம். படியிறங்கினப்புறம் எல்லாம் கொட்டுது. ஷார்ட்டர், டார்க்கர், யங்கர்... கேட்க அங்க யாருமில்ல. என் பிள்ளைகிட்ட போற வழியை நானே அடைச்சுட்டேன்டி."

தோல்விதான். மறுபடி எழுதிப் போட்டாள். இந்தத் தடவை படத்தில் இரண்டு பூனைகள்தான். ஆனால் படத்தைக் கண்டதுமே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அதுவும் தோல்வி. அதன்பிறகு பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வண்டி, மரம், கம்பம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு முணுமுணுப்பாள். பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து வேறிடம் போவார்கள். குட்டியின் அழைப்புகளும் குறைந்தன. பள்ளி, நீச்சல், தூக்கம் என்று ஏதாவது இருக்கும்.

நான் இன்னொரு தடவை புறப்பட்டுப் போய்த் திரும்பியபோதும் சித்தி அதே வெட்டுமேசையில், அடுத்த தேர்வுக்கு வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கைபேசி ஒலித்தது. குட்டி அனுப்பிய குரல் செய்தி. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழுத்தினாள். குழந்தையின் தமிழ் தடுக்கித் தடுக்கி வந்தது.

"அம்மா, ப்ளூ கவுன்ல அப்பா எல்லா மடிப்பும் பிரிச்சாச்சு. அப்பவும் ஷார்ட்டரா இருக்கு. கிளாஸ்ல நான்தான் டாலஸ்ட். உள்ள இனிமே துணி இல்லம்மா."