மஞ்சள் தண்ணீரால் கெட்ட சோதனை

சண்டைக் காலம். வெள்ளாண்மை வெள்ளத்தில் அழிந்த வருடம் என்று நினைவு. மண்டூரிலிருந்து வாவியைக் கடந்தால் அக்கரையில் ஆமிக்காரன் பையைக் கொட்டிப் பார்ப்பான். அப்படிப் போய்த்தான் என் மனைவி பாக்கியம் களுவாஞ்சிக்குடி கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனையைச் செய்து வந்தாள். சில வாரங்களில் மருத்துவமாது மிஸி வீடு தேடி வந்து, திரும்பவும் வரச் சொன்னார். புற்றுநோய்தானோ என்று கேட்டேன்.

"வருத்தம் எண்டில்ல அண்ணன். உள்ளுக்க துடைச்செடுத்ததில பாக்க ஒண்டும் இல்லையாம். அக்கா, வாறதுக்கு முதல் உள்ளுக்கும் கழுவினீங்களா?"

"ஓம் மிஸி, மஞ்சத் தண்ணியால. டொக்டரிட்ட ஊத்தையோடயா வாற?"

"கோயிலுக்கா வந்தீங்க? பாக்க வேண்டியதெல்லாம் தண்ணியோட போயிற்று!"

அந்தச் சோதனையை இன்றும் மெச்சுகிறேன். தெரியாததைத் தெரியவில்லை என்றே சொன்னது. 'நோய் ஒன்றுமில்லை' என்றிருந்தால் நம்பியிருப்போம். இரண்டாம் முறை கழுவாமல் போனாள். புற்றாக மாறுமுன்பே கோளாறு தெரிந்தது. சிறு சிகிச்சையில் தீர்ந்தது.

இப்போது அந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸையே பார்க்கும் சோதனை வந்திருக்கிறதாம். மகள்மார் கிளினிக்குக்குப் புறப்பட்டால் நான் வாசலில் நின்று சொல்கிறேன்: "திரும்பக் கூப்பிட்டாப் பயப்படாமப் போங்க, புள்ள."

"கிழவனுக்கு வெக்கமே இல்ல," என்று பாக்கியம் குசினி அடுப்படியிலிருந்து ஏசுகிறாள். ஏசட்டும்.