பின்வருபவை நீக்கப்படும்

நூலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிதானம் என்றுதான் சொல்வார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர், ஆனால் மனுஷனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மூன்று மாடி, நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர், அத்தனையையும் கட்டி மேய்ப்பது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அத்தனையையும் இயக்குவது லினக்ஸ் என்கிற மென்பொருள்தான், அதிலும் டெபியன் என்கிற வகைதான்.

லினக்ஸ் என்றால் ஒன்றே ஒன்று என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதில் நூற்றுக்கணக்கான வகை, ஒவ்வொரு வகைக்கும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தலைகால் தெரியாத கர்வம். உள்ளே ஓடுகிற எஞ்சின் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மென்பொருளை எப்படிக் கொண்டுவந்து வைப்பது என்பதில்தான் அடிதடி. டெபியன்காரர்கள் சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சோதித்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் ஓட்டை அடைப்பார்களே தவிர, புதுசு எதையும் லேசில் உள்ளே விடமாட்டார்கள். ஆர்ச் என்று இன்னொரு வகை, அந்த ஆர்ச்காரர்கள் இதற்கு நேர் எதிர். வெளியே புதுசாக ஒன்று வந்தால் சில நாளில் அது உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். ஒரே நிபந்தனை, புதுப்பித்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். பாதியைப் புதுசாக்கிப் பாதியைப் பழசாக விட்டால் கதை கந்தல்.

இந்த இரண்டுக்கும் ஒதுங்கி இன்னொரு வழியும் உண்டு, ஃபிளாட்பேக் என்று பெயர். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டியதை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து தன் பெட்டிக்குள்ளேயே இருந்துகொள்ளும். பாய் தலையணையோடு வந்து இறங்குகிற விருந்தாளி மாதிரி. யாருக்கும் தொந்தரவில்லை, ஆனால் இடத்தை அடைக்கும். நிதானத்துக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அவருடைய தங்கச்சி ஆர்ச் கட்சி. மென்பொருள் கம்பெனியில் வேலை, கையில் எப்போதும் லேப்டாப், வாயில் எப்போதும் அண்ணனுக்கு ஒரு குத்தல். அவர் கம்ப்யூட்டரில் இருக்கிற மென்பொருளுக்கெல்லாம் பென்ஷன் கொடுத்து அனுப்பலாம் என்பாள். உன்னுடையதில் இருக்கிறதெல்லாம் இன்னும் பால்பல்லே முளைக்காதது என்பார் இவர். ஒன்றுக்கும் உதவாத இந்தச் சண்டையை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போடுவார்கள். அவர் மனைவி நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு இரண்டு பக்கமும் தூபம் போடுவார்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கண்ணில் அழுத்தம் கூடி, ஆறே மாதத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. வேலை போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிதானம் ஒரு பழைய கம்ப்யூட்டரில் டெபியனைப் போட்டு, திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருளை வைத்துக் கொடுத்தார். அதற்கு ஒரு குரல் உண்டு. குரலா அது, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். அந்த அம்மா அதைப் படிப்படியாக வேகம் கூட்டி, கடைசியில் வேறு யாருக்கும் ஒரு வார்த்தை புரியாத வேகத்தில் ஓடவிட்டார். காதால் கேட்டே பிழை பிடித்தார். கண் இருக்கிறவர்கள் விட்டதையெல்லாம் பிடித்தார்.

நிதானத்துக்கு அந்தச் சத்தம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நூலகத்தில் ஒரு வாசகி தன் போனில் புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தாள். அசல் பெண் குரல், மூச்சு விடுவதுகூடக் கேட்டது. உலகத்தில் இப்படிக் குரல் வந்த பிறகும் நம்ம வீட்டுக்காரி தகரத்தைக் கேட்டுக்கிட்டிருக்கா, எல்லாம் நம்ம பிடிவாதத்தால என்று அன்றைக்குத் தோன்றியது. தேடிப் பார்த்தார். டெபியனில் அடுத்த வெளியீட்டுக்காகச் சோதனையில் இருக்கும் தொகுப்பில் அப்படி ஒரு குரல் இருந்தது. முறைப்படி அது அவர் கைக்கு வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும்.

சோதனைத் தொகுப்பிலிருந்து எதையும் பிடுங்கி நிலையான டெபியனில் செருகக்கூடாது. இது டெபியன்காரர்களுக்குப் பாலபாடம். நிதானம் இதைச் சுவரில் எழுதி ஒட்டாத குறைதான். அவரே செருகினார். ஆசை யாரை விட்டது?

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை, நூலகத்துக்கு வார விடுமுறை. மனைவி பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நடக்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது புதுக் குரல் அவரை வரவேற்க வேண்டும் என்பது திட்டம். சோதனைத் தொகுப்பிலிருந்தும் எடுக்கச் சொல்லி ஒரு வரியைச் சேர்த்தார், குரலைக் கொண்டுவா என்றார். அந்தக் குரல் தனியாக வருமா? தனக்கு அடித்தளமே புதுசாக வேண்டும் என்றது. அடித்தளம் மாறினால் ஒலி மாற வேண்டும், ஒலி மாறினால் இன்னும் எழுபது சாமான் மாற வேண்டும். கம்ப்யூட்டர் நியாயமாகத்தான் நடந்துகொண்டது. எவையெல்லாம் வரும் என்று ஒரு நீளப் பட்டியல் போட்டது. அதற்குக் கீழே, பின்வருபவை நீக்கப்படும் என்று நாலே நாலு பெயர். அந்த நாலைத்தான் முதலில் படிக்கணும் என்று நூலகத்தில் எத்தனை பேரைத் திட்டியிருப்பார்! வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. படிக்காமலே சம்மதம் என்று தட்டிவிட்டார்.

நாலில் முதல் பெயர், திரையை வாசிக்கிற மென்பொருள்.

அந்த அம்மா வந்து உட்கார்ந்து விசையைத் தட்டினார். சத்தமே இல்லை. மறுபடி தட்டினார். மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் செவிலியர்களுக்கான கையேடு ஒன்றைத் திருத்திக் கொடுக்க வேண்டும், இன்னும் நூற்றுப்பத்து பக்கம் பாக்கி. போன மாதம்தான் அச்சக மேலாளர், கண் தெரிந்த ஒருத்தர் இந்த வேலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நைச்சியமாகச் சொல்லியிருந்தார். தாமதமானால் வேலை கைமாறிவிடும். இதெல்லாம் நிதானத்துக்கும் தெரியும். தெரிந்தும் அவர் வாயில் வந்தது என்ன தெரியுமா? ஸ்பீக்கர் ஒயர் லூஸ் போலிருக்கு, பார்க்கிறேன் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் சொன்ன பொய்.

நாலு மணி நேரம் பார்த்தார். புதுசான அடித்தளத்தைப் பழசுக்கு இறக்கப் பார்த்தார். அது ஏறத் தெரிந்த அளவுக்கு இறங்கத் தெரியாத சமாசாரம். ஒன்றைச் சரிசெய்தால் மூன்று பிய்த்துக்கொண்டது. சட்டை முதுகில் ஒட்டியது. அந்த அம்மா பக்கத்து நாற்காலியில் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து நிதானம் பார்த்ததே இல்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டுத் தங்கச்சிக்குப் போன் போட்டார். அவள் மதியமே லேப்டாப்போடு வந்து நின்றாள். திரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணா, நீங்களா இப்படிப் பண்ணீங்க?"

அதற்கப்புறம் ஒயர் கதை எங்கே எடுபடும்? எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்புவித்தார். அந்த அம்மா மணி என்ன என்று மட்டும் கேட்டார். தங்கச்சி, நல்ல பெண், குத்திக்காட்ட இவ்வளவு பெரிய வாய்ப்புக் கிடைத்தும் குத்திக்காட்டவில்லை. அந்தக் குரலை ஃபிளாட்பேக்காகப் போட்டிருந்தால் அது பாட்டுக்குத் தன் பெட்டிக்குள் கிடந்திருக்கும் என்று மட்டும் முணுமுணுத்தாள். பிறகு கையேட்டின் கோப்பைத் தன் லேப்டாப்பில் ஏற்றி அதை அண்ணி முன்னால் வைத்தாள். ஆர்ச் ஆயிற்றே, திரையை வாசிக்கிற மென்பொருளும் புத்தம்புதுக் குரலும் அதில் ஏற்கனவே இருந்தன.

பேசியது பாருங்கள், தேன். நிதானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா கேட்டுக்கொண்டே போனார். பத்துப் பக்கம், இருபது பக்கம், ஒரு மணி நேரம். திடீரென்று நிறுத்தினார்.

"ஏங்க, இருபது பக்கத்துல ஒரு தப்புகூட இல்ல. அப்படி ஒரு புத்தகத்த நான் பார்த்ததே இல்ல. கொஞ்சம் கண்ணால பாருங்க."

அவர் பார்த்தார். முதல் மூன்று பக்கத்திலேயே நாலு பிழை. புள்ளி விட்டுப்போன இடம், கால் விட்டுப்போன இடம், எல்லாவற்றையும் அந்தத் தேன் குரல் வழவழவென்று சமாளித்து, சரியாக இருப்பது போலவே வாசித்துவிட்டுப் போயிருந்தது. மருந்து கொடுக்கிறவர்கள் படிக்கிற புத்தகம்.

இனி ஒட்டுப்போடுவதில் பிரயோஜனமில்லை என்று அண்ணனும் தங்கச்சியும் முதன்முறையாக ஒரே பேச்சில் நின்றார்கள். மொத்தத்தையும் துடைத்துவிட்டு, நிலையான டெபியனை அடியிலிருந்து போட்டார்கள். மனைவியின் கோப்புகளை அவர் எப்போதும் தனிப் பகுதியில் வைத்திருப்பார், அந்த மட்டில் புத்தி இருந்தது. நாலு மணிக்குத் தகர டப்பா குலுங்கியது, பழைய வேகத்திலேயே. அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் பத்தியிலேயே ஒரு பிழையைப் பிடித்தார்.

மறுநாள் பதினொன்றே முக்காலுக்குக் கையேடு அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேலாளர் போனில் அடுத்த புத்தகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். போனை வைத்த பிறகு அந்த அம்மா கணவரை எதிரே உட்காரச் சொன்னார்.

"கண்ணு போன அப்புறம் எனக்கு இருட்டுன்னு ஒண்ணு தெரிஞ்சதில்லங்க. நேத்து காலைல தெரிஞ்சுது. நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து ஒயருன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தது அந்த அம்மாவுக்குத் தெரியாது என்று உறைத்ததும் மன்னிப்புக் கேட்டார். நல்ல குரலாக் கேட்கட்டும்னு ஆசைப்பட்டேன், பன்னிரண்டு வருஷமா இந்தத் தகரத்தோட மாரடிக்கிறியே, அத என்னால தாங்க முடியல என்றார்.

அந்த அம்மா கையை நீட்டித் தேடி அவர் கையைப் பிடித்தார்.

"அது தகரமாவே இருக்கட்டும். உள்ளத உள்ளபடி சொல்லுது, அதுதான் எனக்கு வேலைக்கு வேணும். எனக்குன்னு ஆசையாப் பேச நீங்க இருக்கீங்க. நீங்க பொய் சொல்லாம இருந்தாப் போதும்."