பில்லை வந்தது, வண்டி வரவில்லை

1. கோப்பில் இருப்பதும் நடந்ததும்

1936 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணியிலிருந்து நாலேகால் மணி வரை, லோயர் கேம்ப்பில் மலைச்சாலைக் கேட்டை நான் திறக்கவில்லை. "கேட் மேஸ்திரியின் கவனக்குறைவால் முக்கால் மணி நேரம் போக்குவரத்து தடைப்பட்டது" என்று என் பெயரிலுள்ள கோப்பில் எழுதியிருக்கிறார்கள். நேரம் சரிதான். காரணம் தவறு. கவனித்ததால்தான் திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே நடந்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். அந்தப் பக்கங்களை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கோப்பைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை. ஆனால் சாலை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கோப்பை மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது.

2. ஒற்றைப் போக்கு

கொச்சிப் பக்கமிருந்து கோட்டயம் வழியாக ஏறி வரும் சாலை, குமுளியில் எல்லையைத் தாண்டி, வளைந்து வளைந்து லோயர் கேம்ப்புக்கு இறங்குகிறது. அங்கிருந்து கூடலூர், கம்பம், தேனி, மதுரை. கருவாடும் தேங்காயும் மிளகும் இறங்கி வரும். அரிசியும் காய்கறியும் ஏறிப் போகும். பாதிக்கு மேல் மாட்டுவண்டி, கொஞ்சம் பஸ், கொஞ்சம் கார்.

அந்த வருஷ மழையில் ஒரு சரிவு இடிந்து விழுந்து சாலையின் பாதியைக் கொண்டுபோய்விட்டது. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். இறக்கத்தில் வரும் பாரவண்டியைப் பின்னுக்குத் தள்ள முடியாது. வேகம் கட்டுப்பட வேண்டும் என்று அதன் பின்னால் மரக்கட்டை ஒன்றைச் சங்கிலியில் கட்டி இழுத்து வருவார்கள். அப்படியும் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

ஆகவே சரிவைச் சீர்செய்யும்வரை ஒற்றைப் போக்கு என்று உத்தரவு வந்தது. குமுளியில் மேல் கேட், லோயர் கேம்ப்பில் கீழ்க் கேட். கீழ்க் கேட் என் பொறுப்பு. மேலேயிருந்து ஒரு வரிசை வண்டிகளை விடுவார்கள். வரிசையின் கடைசி வண்டியிடம் உள்ளங்கை அகலப் பித்தளைத் தகடு ஒன்றைக் கொடுப்பார்கள். அதை எல்லோரும் பில்லை என்போம். பில்லை என் கைக்கு வந்தால் சாலை காலி என்று பொருள். கழியைத் தூக்கி ஏறுகிற வண்டிகளை விட வேண்டும். அந்த வரிசையின் கடைசி வண்டி பில்லையை மேலே கொண்டுபோகும்.

விதியை எழுதியவர் எங்கள் இஞ்சினியர். நல்ல படிப்பாளி, கோபக்காரர். நான் அப்போது நான்காவது வருஷத் தற்காலிக மேஸ்திரி. என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

விதியில் எழுதாத வழக்கம் ஒன்றும் உண்டு. பஸ் டிரைவர்கள் பில்லையைச் சட்டைப் பையில் போட்டு வருவார்கள். வண்டிக்காரர்கள் வலத்து மாட்டின் கழுத்துக் கயிற்றில் கட்டிவிடுவார்கள். கையிரண்டும் மாட்டைப் பிடிக்க வேண்டுமே.

3. பஸ்ஸுக்கு ஏது கழுத்து?

அன்று மேலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக உத்தமபாளையம் இபுராகிம் ராவுத்தர் ஓட்டும் பஸ் வந்தது. கழி ஓரமாக நிறுத்தி, சன்னல் வழியே பில்லையை நீட்டினார்.

"இந்தாங்க மேஸ்திரி. சீக்கிரம் தெறந்து விடுங்க. இங்கன ஒரு ஊரே நிக்கிது."

வாங்கி ஆணியில் மாட்டப் போனேன். பில்லையின் துளையில் ஒரு சாண் கயிறு தொங்கியது. ஈரக் கயிறு. அதில் வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது. மாட்டு வேர்வை நாறியது.

"ராவுத்தரே, இது எந்தக் கழுத்துல கெடந்துச்சு?"

"ஏன், என் பஸ்ஸு கழுத்துலதான்."

"பஸ்ஸுக்கு ஏது கழுத்து? யாருகிட்ட வாங்குனீக?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஊத்துக்கிட்ட ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த நின்னேன். கூடலூர்ச் சின்னமாயன் பின்னாடி வந்தாக. மாடு லாடத்தைக் கழட்டிப் போட்டுருச்சு. ஒதுக்கத்துல நிறுத்திட்டு, கீழ சனம் காத்துக் கெடக்கும், இதை முன்னாடி கொண்டுபோய்க் குடுத்திருங்கன்னு சொன்னாக. குடுத்துட்டேன். அதுல என்ன?"

சின்னமாயன் கெட்டவர் அல்லர். தன்னால் நாலு பேர் நிற்க வேண்டாம் என்று நினைத்த மனுஷர். அந்த நல்லெண்ணத்தில் சாலை காலி என்னும் சாட்சியைத் தனக்கு முன்னால் அனுப்பிவிட்டுத் தான் சாலையிலேயே நின்றுவிட்டார்.

4. கழியின்மேல்

ஏறுகிற வரிசையில் முதலாவதாக நின்றது இஞ்சினியரின் கார். ஐந்து மணிக்குக் குமுளியில் அவருக்கு ஒரு கூட்டம். பில்லை வந்ததைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"வந்தாச்சுல்ல? தூக்கு."

"ஒரு வண்டி பாக்கி இருக்குங்கய்யா."

"ரூல் என்ன சொல்லுது?"

"பில்லை வந்தாத் தெறக்கச் சொல்லுது."

"வந்துச்சா இல்லையா?"

"பில்லை வந்துச்சுங்கய்யா. வண்டி வரலை."

"அந்த ரூலை எழுதினவன் யாரு தெரியுமா?"

"தெரியும்ங்கய்யா. அதுக்காகத்தான் உங்ககிட்டச் சொல்றேன்."

அவர் முகம் சிவந்தது. மெதுவாகப் போகிறேன், ஹார்ன் அடித்துக்கொண்டே போகிறேன் என்றார். ஹார்ன் சத்தத்துக்குத்தான் மாடு மிரளும் என்றேன். மேலே மூடுபனி இறங்கியிருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

"உன் காகிதம் என் மேஜையிலதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்குங்கய்யா. தெறக்கச் சொல்லி இந்தக் கேட் புஸ்தகத்துல ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் செய்யுங்க."

பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கழியைத் தூக்கும்படி தன் கார் டிரைவரிடம் சொன்னார்.

கேட் என்று பெயரே தவிர அது சாலையின் ஏறுகிற பாதியை மறிக்கும் ஒரு தேக்கங்கழி. ஒரு முனையில் கல் பாரம் கட்டியிருக்கும். கொக்கியைக் கழற்றினால் மறுமுனை தானே மேலே போகும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மறுமுனையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கார் டிரைவர் கொக்கியைக் கழற்றினார். கழி என்னோடு ஒரு முழம் எழும்பி ஆடியது. காலைத் தரையில் ஊன்றினேன்.

வரிசையில் நின்ற கூடலூர் ஒச்சம்மா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் குமுளிக்குக் கத்திரிக்காய் கொண்டுபோய் விற்பவள். கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"மேஸ்திரி, உமக்கு எடை பத்தலையே. கொஞ்சம் தள்ளி உக்காரும்."

என் பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். கழி தரைக்கு இறங்கியது. வரிசை முழுவதும் சிரித்தது.

"ஏம்மா, எழுந்திரு! கவர்மென்ட் சொத்து ஒடிஞ்சு போகும்" என்று இஞ்சினியர் கத்தினார்.

"ஒடிஞ்சா வேற கழி வெட்டிக்கலாம் சாமி. மேல நிக்கிறது எங்க ஊரு ஆளு. அதை வேற எங்கன போயி வெட்டுறது?"

அவர் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ராவுத்தர் பஸ்ஸைத் தள்ளி நிறுத்திவிட்டு மறுபடியும் வந்தார். சாலை மேஸ்திரிகள் வைத்திருக்கும் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் நடந்து ஏறினார்.

நானும் ஒச்சம்மாவும் உட்கார்ந்தே இருந்தோம். பயமில்லை என்று எழுத மாட்டேன். காகிதம் போய்விட்டது என்று உட்கார்ந்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது.

நாலேகாலுக்குக் கட்டை தரையில் உராயும் சத்தம் கேட்டது. ராவுத்தர் கொடியோடு முன்னால் நடந்து வந்தார். பின்னால் மிளகு மூட்டை ஏற்றிய வண்டி. வலத்து மாடு ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி, வண்டியோடு கூட வந்த சின்னமாயனின் மச்சினன். சின்னமாயன் வண்டிப் பாரத்தில் தோளை முட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு வந்தது கோபம்.

"என்ன மேஸ்திரி, கழிமேல உக்காந்து வெளையாட்டா? இன்னும் தெறக்கலையா? பில்லைய அப்பவே குடுத்தனுப்பிட்டனே! இத்தனை சனத்தை ஏன்யா காக்க வச்சீரு?"

ஒச்சம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "உம்மைத்தான்யா காத்துக் கெடந்தோம், கூறு கெட்ட மனுசா."

நான் கழியைத் தூக்கினேன். முதல் ஆளாக இஞ்சினியர் காரில் போனார். என் பக்கம் திரும்பவில்லை.

5. ஒரு வரி

அடுத்த திங்கட்கிழமை மெமோ வந்தது. மேலதிகாரியின் கட்டளையை மீறியதற்கு விளக்கம் எழுத வேண்டும். ஆபீஸ் ஹெட் கிளார்க் என்மேல் பிரியமுள்ளவர். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வரி எழுதுய்யா. அவரு மனசு எறங்கிரும். காகிதத்துல நானே கையெழுத்து வாங்கித் தர்றேன்."

"தப்புப் பண்ணலையே."

"தப்புப் பண்ணுனவன் எல்லாமா மன்னிப்புக் கேக்குறான்? வேலை வேணும்ங்கிறவன் கேக்குறான்."

அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால், அடுத்த முறை கயிற்றோடு பில்லை வரும்போது நான் திறந்துவிடுவேன். "வண்டி வராததால் திறக்கவில்லை. வந்ததும் திறந்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மாதக் கடைசியில் என்னை நிறுத்திவிட்டார்கள். பிறகு வருசநாட்டுப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் சாலை வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் பார்த்தேன். எங்கேயும் நிரந்தரம் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து ரயில்வே வேலைமுறை பற்றிய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் டிரைவர் கையில் அடையாள வளையம் இருந்தால்தான் ரயில் நகரலாம். எங்கள் இஞ்சினியர் பில்லையை அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார். ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தோடு இன்னொன்றையும் பார்க்கிறார்: கடைசிப் பெட்டியின் பின்விளக்கு வந்ததா என்று. நடுவழியில் பெட்டி ஏதும் கழன்று நின்றிருந்தால் அதைப் பார்த்துத்தான் தெரியும். அந்தப் பாதியை எங்கள் விதி விட்டுவிட்டது.

என்னை நிறுத்திய மறுவாரமே விதியில் ஒரு வரி சேர்த்தார்கள்: "பில்லையைக் கைமாற்றக் கூடாது." அச்சடித்த பிரதியை ஹெட் கிளார்க் எனக்கு அனுப்பிவைத்தார். கீழே இஞ்சினியரின் கையெழுத்து. சரியான வரி. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கோப்பிலிருக்கும் "கவனக்குறைவு" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

உண்மையில் என் கவனக்குறைவு ஒன்று உண்டு. கோப்பில் இல்லாதது. அந்த வியாழக்கிழமைக்கு முன்னால் எத்தனையோ நாள் பில்லையை வாங்கி, ஒரு கேள்வியும் கேட்காமல் ஆணியில் மாட்டிவிட்டுக் கழியைத் தூக்கியிருக்கிறேன். அந்த நாட்களில் எது எது கைமாறி வந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் சாகவில்லை, அவ்வளவுதான். அதற்கு எவரும் எனக்கு மெமோ கொடுக்கவில்லை.

கேட்டில் நிற்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கையில் வந்த தகட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கொண்டுவந்தவரிடம், "உங்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள்?" என்று கேளுங்கள். யாராவது பாக்கி என்றால், அவர் வந்து சேரும்வரை, எதிரே யார் நின்று கத்தினாலும், கழியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.